நிலத்தடி நீர் வல்லுநர் எப்படி உருவாகிறார்? பல்கலைக்கழக வலையமைப்புகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

பெங்களூரில் புதிதாக வீடு கட்டுகிறவர் போர்வெல் போடுவதென்று முடிவெடுத்தால், பெரும்பாலும் மூன்று பேரிடம்தான் பேசுகிறார். நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயையோ வேப்பங்குச்சியையோ கையில் வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நடந்து ஓரிடத்தைக் காட்டுகிறார். ரிக் வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார். அந்த வண்டி திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்க நிறைய வாய்ப்புண்டு, ஏனென்றால் இந்தியா முழுவதும் துளையிடும் ரிக் வண்டிகளுக்கு அந்த ஊர்தான் தலைநகரம். மோட்டார் இறக்குகிறவர் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதைச் சொல்கிறார். மூவருக்கும் அவரவர் தொழில் தெரியும். ஆனால் கிடைத்த தண்ணீர் எங்கிருந்து வந்து சேர்ந்தது, எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும், பக்கத்து மனைக்காரர் இன்னும் 200 அடி ஆழமாகத் துளையிட்டால் நம் கிணறு என்ன ஆகும், தெருக்கோடியில் இருக்கும் கழிவுநீர்க் குழியிலிருந்து கசிவது நாம் இறைக்கும் அதே வெடிப்புக்குள் போய்ச் சேருமா என்ற கேள்விகள் இந்த மூவருடைய தொழிலுக்கும் வெளியே நிற்கின்றன.

அந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிறவரை நீர்நிலவியலாளர் என்கிறோம். அவரோடு நீர்ப் பொறியாளர், நீர் வேதியியல் அறிந்தவர், நீர் தொடர்பான சட்டமும் பொருளாதாரமும் கற்றவர் ஆகியோரும் சேர்ந்தால்தான் ஒரு நகரத்தின் நீர் நிர்வாகம் சரியாக நடக்கும். இப்படிப்பட்டவர்களை ஒரே கல்லூரியின் ஒரே துறை உருவாக்கிவிட முடியாது என்பதை உலகின் பல பகுதிகளிலும் உணர்ந்ததன் பயனாக, பல பல்கலைக்கழகங்கள் பாடத்தையும் ஆசிரியர்களையும் ஆய்வுக் களங்களையும் பகிர்ந்துகொண்டு சேர்ந்து பயிற்சி அளிக்கும் முறை உருவாயிற்று. அதைத்தான் பல்கலைக்கழக வலையமைப்பு என்று அழைக்கிறார்கள். அது ஏன் தேவைப்பட்டது, எப்படி இயங்குகிறது, பெங்களூரில் வாழும் ஒரு தமிழ் மாணவர் அதற்குள் எந்த வழியாக நுழையலாம் என்பதை, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் புரிந்துகொள்ளும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பெங்களூரின் பாறையும் ஒரு சிறு கணக்கும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெரிய ஆறு எதுவும் ஓடாத மேட்டு நிலத்தில் அமைந்திருக்கிறது. காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல கட்டங்களாக ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்தக் குழாய் எட்டாத இடங்களில் மக்கள் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறார்கள். நகரத்தின் கீழே இருப்பது தீபகற்ப நைஸ் என்று சொல்லப்படும், 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய கடினப் பாறை. லால்பாக் தோட்டத்துக்குள் மக்கள் ஏறி நின்று நகரத்தைப் பார்க்கிற அந்தப் பெரிய பாறை அதன் ஒரு வெளித்தோற்றம்தான்.

இந்தப் பாறையின் உடலுக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே வெயிலும் மழையும் பட்டுச் சிதைந்து மண்ணாகவும் கற்பொடியாகவும் மாறிய ஓர் அடுக்கு இருக்கிறது. பழைய திறந்த கிணறுகள் எல்லாம் அந்த அடுக்கிலிருந்துதான் நீர் பெற்றன. அதற்குக் கீழே, வெடிப்பு விட்ட பழைய சுவரில் ஈரம் கோடு கோடாக ஓடுவதைப் போல, பாறையின் பிளவுகளில் மட்டுமே நீர் இருக்கும். போர்வெல் அத்தகைய பிளவு ஒன்றைத் தொட்டால் தண்ணீர் பீறிடும். 30 அடி தள்ளிப் போட்ட இன்னொன்று பிளவு எதையும் தொடாமல் 1000 அடி வரை புழுதியை மட்டுமே கக்கும். நீர் தங்குவதற்கும் நகர்வதற்கும் இடம் தரும் இத்தகைய மண், பாறை அடுக்கை நீர்த்தாங்கி என்பார்கள். இந்தத் துறையில் முதல் வகுப்பிலேயே சொல்லித்தரப்படுவது, நீர்த்தாங்கிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டவை என்பதுதான்.

அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 மில்லிமீட்டர், நிலத்தடிக்குப் போகிறது என்றும் விளக்கத்துக்காக வைத்துக்கொள்வோம். சிதைந்த கடினப் பாறையின் மொத்தக் கன அளவில் நாம் வடித்தெடுக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 2 சதவீதம்தான். 90 மில்லிமீட்டரை 0.02 ஆல் வகுத்தால் 4,500 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது நீர்மட்டம் நாலரை மீட்டர், கிட்டத்தட்ட 15 அடி, மேலே ஏறும். அதே 90 மில்லிமீட்டர் சென்னைக் கடற்கரையோர மணலில் இறங்கினால், மணல் ஏறத்தாழ 20 சதவீதம் நீரைத் தரக்கூடியது என்பதால், மட்டம் ஒன்றரை அடிதான் ஏறும். மழை பெய்ததும் பெங்களூர்க் கிணறுகளில் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறுவதைப் பார்த்து நிறைய நீர் சேர்ந்துவிட்டதாக மகிழ்கிறவர்கள் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: வெறும் 90 மில்லிமீட்டரை இறைத்தாலே அதே 15 அடி இறங்கிவிடும். திருவான்மியூரில் படித்து வளர்ந்த பொறியாளர் தம் ஊர் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெங்களூரின் மகாதேவபுராவில் நீர்த்திட்டம் போட்டால், அவருடைய கணிப்பு பத்து மடங்கு தவறக்கூடும். ஒரே ஊரில், ஒரே வகைப் பாறையை மட்டும் பார்த்து இந்தப் படிப்பைப் படித்து முடிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பாறையைத் தாண்டிய கேள்விகள்

2024 கோடையில் பெங்களூர் தவித்ததை இங்கு வாழ்கிறவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. நகரின் பொது ஆழ்துளைக் கிணறுகள் ஏறத்தாழ 13,900 இல் 6,900 வறண்டுபோயின என்று அரசுத் தரப்பே தெரிவித்தது. தண்ணீர் லாரிக்காக இரவெல்லாம் காத்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், 2007 இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டும் காவிரிக் குழாய் முழுமையாகப் போய்ச் சேராத வெளிவட்டப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள். அப்படி இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்காகவே காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொள்ளளவோடு தொடங்கிவைக்கப்பட்டது.

இந்த நகரத்தின் நிலத்தடி நீர்மட்டத்தை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். வீடுகள் நெருக்கமாகவும் கான்கிரீட் மூடியும் கிடக்கும் நகர மையத்தில் நீர்மட்டம் மேலே இருக்கிறது. வெட்டவெளி இன்னும் மிச்சமிருக்கும் புறநகரில் அது ஆழத்துக்குப் போய்விட்டது. மையப் பகுதிக்குக் காவிரி நீர் வருவதால் அங்கே இறைப்பு குறைவு. அதோடு பழைய குடிநீர்க் குழாய்களிலிருந்தும் சாக்கடைகளிலிருந்தும் கசிகிற நீர் ஆண்டு முழுவதும் நிலத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே குடிநீர் வாரியம் கசிவை முற்றிலும் அடைத்துவிட்டால் குழாயில் நீர் மிச்சமாகும், அதே வேளையில் நகர மையத்தின் நிலத்தடி நீருக்கு வரவு குறையும். கசிவு சாக்கடையிலிருந்தும் வருவதால் நைட்ரேட் கலப்பும் கவலைக்குரியது. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொள்வதற்கே பாறையை அறிந்தவரும் குழாய் வலையை அறிந்தவரும் வேதியியல் அறிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது.

சட்டம் அறிந்தவருக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும். 1882 ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, நிலம் யாருடையதோ அவருக்கே அதன் அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை என்ற கருத்து நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. கர்நாடகம் 2011 இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றிய பிறகும், மனைக்குள் இருப்பது என் தண்ணீர் என்ற எண்ணமே மக்கள் மனத்தில் உறுதியாக நிற்கிறது. ஆனால் நீர்த்தாங்கி மனையின் எல்லைக்கல்லைப் பார்ப்பதில்லை, மாநில எல்லையையும் பார்ப்பதில்லை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வழிந்தோடும் பெங்களூரின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரையாகத் திரள்வதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், பெங்களூரின் கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற திட்ட அளவில், வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பி, அங்கே நிலத்தடி நீரைப் பெருக்கும் பெருமுயற்சி நடக்கிறது. அந்த ஏரிகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் ஏறுகிறதா என்பது நீர்நிலவியல் கேள்வி. அந்த நீர் குடிக்கவும் பயிர் செய்யவும் ஏற்றதா என்பது வேதியியலும் பொதுச் சுகாதாரமும் சேர்ந்த கேள்வி. செலவை யார் ஏற்பது என்பது பொருளாதாரக் கேள்வி. மூன்றையும் ஒரே மாணவர் ஆழமாகக் கற்க வேண்டியதில்லை என்றாலும், மற்ற இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பதை உணராத வல்லுநரால் நன்மையைவிடத் தீமையே அதிகம் நேரக்கூடும்.

வலையமைப்பு என்றால் உண்மையில் என்ன?

பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதை வலையமைப்பு என்று கொள்ளக்கூடாது. ஒரு மாணவர் ஓரிடத்தில் சேர்ந்து, இன்னோரிடத்தில் ஒரு பகுதியைப் படித்து, மூன்றாவது இடத்துக் களத்தில் அளவெடுத்து, எல்லா இடங்களிலும் பெற்ற மதிப்பெண்களும் ஒரே பட்டத்துக்குக் கணக்கிடப்படும்படி ஏற்பாடு இருந்தால்தான் அதை வலையமைப்பு என்பேன். அதற்குப் பாடத்திட்டம், தேர்வு, உதவித்தொகை, ஆசிரியர் பரிமாற்றம், கருவிகள், தரவு ஆகியவற்றில் பல நிறுவனங்கள் முன்கூட்டியே உடன்பட வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த உடன்பாடுதான் நடைமுறையில் மிகக் கடினமானது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி நாடுகளில் 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வாட்டர்நெட். அப்பகுதியில் லிம்போபோ ஆற்றை நான்கு நாடுகளும் சாம்பேசி ஆற்றுப் படுகையை எட்டு நாடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு நாடும் நீரியல், நிலத்தடி நீர், நீர்ச் சட்டம், குடிநீர் வழங்கல் என்று எல்லாத் துறைகளுக்கும் தனித்தனிப் பேராசிரியர்களை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதி உடையதாக இல்லை. ஆகவே அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மையில் முதுகலை படிக்கும் மாணவர்கள் பொதுப் பாடங்களை ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்திலோ தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு, பிறகு தாம் தேர்ந்தெடுத்த சிறப்புப் பிரிவு எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் வலுவாக இருக்கிறதோ அங்கே போய்ப் படிக்கிறார்கள். இதனால் கிடைக்கும் இன்னொரு பயனைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: மொசாம்பிக் மாணவரும் போட்ஸ்வானா மாணவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே ஆற்றைப் படிக்கிறார்கள். பிற்காலத்தில் அவரவர் நாட்டு நீர்த்துறை அதிகாரியாகி, அந்த ஆற்றின் பங்கீட்டைப் பேச எதிரெதிரே அமரும்போது, கணக்கு போடும் முறையிலாவது அவர்களுக்குள் தகராறு வராது. காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் கரையில் வாழும் நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் நிலத்தடி நீருக்கென்றே நடத்தப்படும் கூட்டுப் படிப்பு ஒன்று உண்டு. போர்ச்சுகலின் லிஸ்பனில் உள்ள தொழில்நுட்ப உயர்கல்விக் கழகம், நெதர்லாந்தின் ஐஹெச்இ டெல்ஃப்ட், ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து, நிலத்தடி நீரும் உலகளாவிய மாற்றங்களும் என்ற பொருளில் இரண்டாண்டு முதுகலைப் பட்டத்தை வழங்குகின்றன. எராஸ்மஸ் முண்டஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின் கீழ் நடப்பதால், தேர்வு பெறும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணமும் மாதச் செலவும் உதவித்தொகையாகக் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. மாணவர்கள் முதல் மூன்று பருவங்களை மூன்று நாடுகளில் கழித்து, நான்காம் பருவத்தில் ஆய்வேடு எழுதுகிறார்கள். இவற்றுள் டெல்ஃப்ட் நிறுவனம் 1957 முதல் வளரும் நாடுகளின் நீர்ப் பொறியாளர்களுக்குப் பயிற்சி தந்து வருவது. வட ஆப்பிரிக்காவில், அல்ஜீரியாவின் திலெம்சென் நகரில், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பான் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் நீருக்கும் எரிசக்திக்கும் தனிக் கழகம் ஒன்றை நடத்துகிறது.

தெற்காசியாவிலும் இந்த முயற்சி நடந்திருக்கிறது என்பதும் அதில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு என்பதும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சாசிவாட்டர்ஸ் என்ற அமைப்பு 2000களில் நெதர்லாந்தின் உதவியோடு நடத்திய திட்டத்தில், கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், டாக்காவின் வங்கதேசப் பொறியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நேபாளப் பொறியியல் கல்லூரி, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்தன. அதுவரை அணை, கால்வாய், பம்பு என்று மட்டுமே நீரைப் பார்த்துப் பழகிய பொறியியல் பாடத்துக்குள், தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்ற சமூகவியல் கேள்வியையும் கொண்டுவந்தது அத்திட்டம். ஆண்களே நிறைந்திருந்த இத்துறைக்குள் பெண்களைக் கொண்டுவருவதற்கும் அது தனிக் கவனம் செலுத்தியது. தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குக் குடத்தோடு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருக்கும் ஊர்களில், நீர்த்துறை அலுவலகத்தில் அவர்கள் இல்லாதிருப்பது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

இந்த எண்ணத்துக்கு நம் நாட்டில் இன்னும் பழைய வேர் இருக்கிறது. கங்கைக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் 1847 இல் ரூர்க்கியில் பொறியியல் கல்லூரி தோன்றியது. அதே வளாகத்தில் 1955 இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பொறியாளர்களுக்கென்று நீர்வள மேம்பாட்டுப் பயிற்சி மையமும், 1972 இல் யுனெஸ்கோவின் துணையோடு பன்னாட்டு நீரியல் படிப்பும் தொடங்கின. இன்று அவை ரூர்க்கி ஐஐடியின் துறைகளாக இயங்குகின்றன. பல நாட்டு மாணவர்களை ஓரிடத்துக்கு வரவழைப்பது அந்தக் காலத்து முறை. மாணவர்களைப் பல இடங்களுக்கு அனுப்புவது இந்தக் காலத்து முறை.

மாணவர் அங்கே என்ன கற்கிறார்?

அடிப்படைப் பாடம் எல்லா இடங்களிலும் ஒன்றுதான். பிரான்சின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த ஆன்றி டார்சி என்ற பொறியாளர், மணல் நிரப்பிய குழாயில் நீரை ஓடவிட்டு அளந்து, 1856 இல் வெளியிட்ட விதியிலிருந்து பாடம் தொடங்கும். நீர்மட்டத்தின் சரிவு எவ்வளவு அதிகமோ, மண்ணின் ஊடுருவவிடும் தன்மை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாக நீர் நகரும் என்பது அதன் சாரம். அடுத்து வருவது இறைப்புச் சோதனை. ஒரு கிணற்றில் மோட்டாரைப் போட்டு ஒரே சீரான வேகத்தில் பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில் இறைத்துக்கொண்டே, சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் எந்த நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து வரைபடம் போடுவார்கள். 1935 இல் அமெரிக்கரான சார்லஸ் தீஸ் வகுத்த சமன்பாட்டைக் கொண்டு அந்த வரைபடத்தைப் படித்தால், நீர்த்தாங்கி எவ்வளவு நீரைச் சேமிக்கிறது, எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்ற இரண்டு எண்களும் கிடைக்கும். பக்கத்து மனைக்காரர் போர் போட்டால் நம் கிணறு என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை சொல்லத் தேவையான எண்கள் இவைதான்.

தரையில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் தடையை அளந்து பாறையில் ஈரமுள்ள அடுக்கைத் தேடுவது, நீரிலுள்ள ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை, வைத்து அது எந்த மழையில் வந்தது என்று அறிவது, கணினி மாதிரி அமைத்து வருங்கால நீர்மட்டத்தைக் கணிப்பது ஆகியவையும் பாடத்தில் உண்டு. இவற்றுக்கு வேண்டிய கருவிகள் விலை மிகுந்தவை. எல்லாக் கல்லூரிகளும் எல்லாவற்றையும் வாங்கிவைக்க முடியாது. வலையமைப்பின் மிக நேரடியான பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது.

ஆனால் கருவியைவிட அரிய பொருள் ஒன்று உண்டு. அது பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்கப்பட்ட களம். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், குண்டலுப்பேட்டைக்கு அருகே, பேரம்பாடி என்ற 84 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியை இந்திய அறிவியல் கழகமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து நீண்ட காலமாகக் கண்காணித்து வருகின்றன. அங்கே உழவர்கள் போர்வெல் நீரைக் கொண்டு பயிரிடுகிறார்கள். அதற்கு அருகிலேயே, பந்திப்பூர்க் காட்டுக்குள், மனிதர் நீர் இறைக்காத மூலேஹொளே என்ற சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் அதே அளவைகள் எடுக்கப்படுகின்றன. ஏறத்தாழ ஒரே வகைப் பாறையின் மீது ஒரு பக்கம் காடும் இன்னொரு பக்கம் வயலும் இருப்பதால், மனிதர் இறைப்பதனால் நிலத்தடி நீரில் ஏற்படும் மாற்றத்தைத் தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது. இத்தகைய இணைக்களத்தை ஒரு மாணவர் தம் இரண்டாண்டுப் படிப்பில் புதிதாக உருவாக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் யாரோ பொறுமையாக அளந்து வைத்ததன் மேல்தான் அவர் நிற்க முடியும். அந்தத் தரவைப் பூட்டிவைக்காமல் பகிரும் வலையமைப்பே மாணவருக்கு உண்மையில் பயன்படும்.

எங்கே தடுக்குகிறது?

இத்தகைய திட்டங்கள் பலவும் வெளிநாட்டு உதவியில் தொடங்குகின்றன. நிதி வரும் ஆண்டுகளில் மாணவர் பரிமாற்றம் சிறப்பாக நடக்கும். நிதி நின்றதும், பங்கேற்ற பல்கலைக்கழகங்கள் அந்தப் படிப்பைத் தங்கள் சொந்தச் செலவில் ஏற்று நடத்தாவிட்டால், வலையமைப்பு பெயரளவில் மட்டும் மிஞ்சும். பயிற்சி பெற்றவர்கள் நல்ல சம்பளத்துக்காக வெளிநாட்டிலேயே தங்கிவிடுவதும் உண்டு. இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு: படித்த வல்லுநருக்கும் கிணற்றை நம்பி வாழ்கிறவருக்கும் இடையே பேச்சு இல்லாமல் போவது.

இந்தியா ஆண்டுதோறும் ஏறத்தாழ 240 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை எடுக்கிறது. உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு எடுப்பதில்லை. அதில் ஏறக்குறைய 87 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. கோடிக்கணக்கான கிணறுகளில் எப்போது மோட்டாரைப் போடுவது, எந்தப் பயிரை வைப்பது என்று முடிவெடுக்கிறவர்கள் உழவர்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நீர்த்தாங்கி வரைபடத் திட்டத்தை நடத்தி, ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை வரைந்திருக்கிறது. அந்த வரைபடம் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் பேசப்படாவிட்டால் இறைப்பு குறையப்போவதில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் ஆஸ்திரேலிய, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய மார்வி திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. அங்கே கிராமத்து இளைஞர்களையும் உழவர்களையும் தேர்ந்தெடுத்து, கிணற்றின் நீர்மட்டத்தையும் மழையையும் அளக்கப் பயிற்சி கொடுத்தார்கள். நிலத்தடி நீரை அறிந்தவர் என்ற பொருளில் பூஜல் ஜான்கார் என்று அழைக்கப்பட்ட அவர்கள், அளந்ததைத் தங்கள் ஊர் மக்களிடம் தங்கள் மொழியிலேயே எடுத்துச் சொன்னார்கள்.

பெங்களூரிலும் இதற்கு இணையான அறிவு கைவசம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் திறந்த கிணறு தோண்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர், எந்த ஆழத்தில் மண்ணின் நிறம் மாறும், எந்த அடுக்கில் ஊற்று வரும் என்பதைக் கையாலும் கண்ணாலும் அறிந்தவர்கள். நகரத்தில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் மீள்நிரப்புக் கிணறுகள் பத்து லட்சம் என்ற இலக்கோடு நடக்கும் இயக்கம் அவர்களுடைய உழைப்பின் மேல்தான் நிற்கிறது. நீர்நிலவியல் மாணவர்கள் அவர்களோடு ஒரு பருவமாவது கிணற்றடியில் நின்று கற்பதைப் பாடத்தின் பகுதியாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓட்டுநர்களின் நினைவிலும் இந்தியாவின் பாறை பற்றிய செய்தி ஏராளமாக இருக்கிறது. எத்தனையாவது அடியில் ஈரம் தட்டியது, எங்கே கல் மாறியது என்பதெல்லாம் துளை போட்டு முடித்ததும் பதிவாகாமலே போய்விடுகிறது.

பெங்களூரிலிருந்து நுழைகிற வழிகள்

நிலவியலில் பி.எஸ்சி., சிவில் பொறியியல், வேளாண் பொறியியல் ஆகிய மூன்றும் பொதுவான நுழைவாயில்கள். வேதியியலோ புவியியலோ படித்தவர்களும் முதுகலையில் இத்துறைக்கு மாறலாம். கணக்கில் பயம் இல்லாமலும் வெயிலில் நடக்கத் தயக்கம் இல்லாமலும் இருப்பது நல்லது. ஊரிலேயே ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்கு இந்திய அறிவியல் கழகத்தில் நீர் ஆய்வுக்கென்று பல்துறை மையம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குப் போக விரும்பினால் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும் சென்னை ஐஐடியின் நீர்வளப் பிரிவும் இருக்கின்றன. அரசுப் பணியை நாடுகிறவர்கள், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வழியாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானியாகச் சேரலாம். அந்த வாரியத்தின் பயிற்சி நிறுவனம் ராய்ப்பூரில் உள்ளது. வாரியத்தின் தென்மேற்கு மண்டல அலுவலகம் பெங்களூரிலேயே இருக்கிறது.

ஒரு வலையமைப்புப் படிப்பில் சேர்வதற்கு முன் சிலவற்றை நேரில் கேட்டுத் தெளிவது நல்லது. பட்டத்தை யார் தருகிறார்கள், அது இந்தியாவில் அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஏற்கப்படுகிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். களப்பணி எத்தனை வாரம், எந்த வகைப் பாறையில், யாருடைய மேற்பார்வையில் நடக்கும் என்பதைக் கேட்க வேண்டும். களப்பணி இரண்டு நாள் சுற்றுலாவாக முடிகிற படிப்பாக இருந்தால் வேறிடம் பார்ப்பதே மேல். ஆய்வேட்டுக்கு நம் ஊர்த் தரவைப் பயன்படுத்த அனுமதி உண்டா, அதை முடித்த பின் தரவு யாருக்குச் சொந்தம் என்பதையும் கேட்கலாம். முன்பு படித்து வெளியேறியவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அவர்களையே தொடர்புகொண்டு விசாரிப்பது, விளம்பரத் தாள் எதையும்விட நம்பகமான செய்தியைத் தரும். எராஸ்மஸ் முண்டஸ் போன்ற உதவித்தொகைகளுக்கான விண்ணப்பம் படிப்பு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், இளங்கலையின் இறுதி ஆண்டு தொடங்கும்போதே பரிந்துரைக் கடிதங்களுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் ஏற்பாடு செய்துவிட வேண்டும்.